விஇஜிஎஃப் சேர்த்தால் ஈநாஸ் நொதி எவ்வாறு மாறுகிறது: ஆய்வகத்தில் அளந்தறியும் முறை

இரத்தக்குழாயின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் எண்டோதீலிய செல்லை ஒரு வளர்ச்சிக் காரணி வந்தடையும்போது, அச்செல்லின் நொதிகள் இரண்டு வழிகளில் மாறக்கூடும். ஏற்கெனவே இருக்கும் நொதி மூலக்கூறுகள் சில நிமிடங்களுக்குள் முடுக்கப்படுவது ஒரு வழி. நொதிக்கான மரபணு கூடுதலாகப் படியெடுக்கப்பட்டு, பல மணி நேரம் கழித்து நொதியின் அளவே பெருகுவது மற்றொரு வழி. இவ்விரண்டையும் ஒரே சோதனையில், ஒரே நேர இடைவெளியில் அளந்துவிட முயல்வதே இத்துறையில் புதிதாக நுழையும் ஆய்வு மாணவர்களைப் பெரிதும் குழப்புகிறது. நொதியின் அளவு வேறு, அதன் செயல்பாடு வேறு என்பதைச் சோதனையைத் திட்டமிடும் நாளிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வாறு திட்டமிடுவதற்கு மிகவும் ஏற்ற இணையாக, விஇஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியையும், ஈநாஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் எண்டோதீலிய நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் நொதியையும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

இந்த இணை ஏன்

விஇஜிஎஃப் 1983-இல் பாஸ்டன் ஆய்வாளர்களால் இரத்தக்குழாய்களைக் கசியச் செய்யும் புரதமாக முதலில் அறியப்பட்டது. 1989-இல் எண்டோதீலிய செல்களைப் பெருகச் செய்யும் காரணியாகத் தனித்தெடுக்கப்பட்டது. ஈநாஸ் நொதியோ, ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் கொண்டு நைட்ரிக் ஆக்சைடையும் சிட்ரூலினையும் உண்டாக்குகிறது. அந்த நைட்ரிக் ஆக்சைடு குழாயின் தசைச் செல்களைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. விஇஜிஎஃப்-ஐக் கட்டிப்போடும் பெவாசிசுமாப் மருந்து 2004-இல் அமெரிக்காவில் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்ட பிறகு, அதைப் பெற்ற நோயாளிகளில் பலருக்கு இரத்த அழுத்தம் உயர்ந்ததற்கான காரணங்களுள் ஒன்றாக, இந்த நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி குறைவதையே மருத்துவர்கள் கருதுகின்றனர்.

முடுக்கம் நடக்கும் விதத்தை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் எதை அளக்கிறோம் என்பது விளங்கும். அமைதியாக இருக்கும் செல்லில் ஈநாஸ், செல் சவ்வின் சிறு குழிவுகளில் கேவியோலின் என்னும் புரதத்தோடு பிணைந்து அடங்கிக் கிடக்கிறது. விஇஜிஎஃப் தன் இரண்டாம் ஏற்பியோடு சேர்ந்ததும், ஒரு பாதையில் செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து, கால்சியத்தை உணரும் கால்மோடுலின் என்னும் புரதம் ஈநாஸோடு இணைந்து கேவியோலினின் பிடியை விடுவிக்கிறது. இன்னொரு பாதையில் பிஐ3கே, ஏகேடி என்னும் இரு கைனேஸ்கள், அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதிகள், அடுத்தடுத்து விழிக்க, ஈநாஸின் 1177-ஆம் இடத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. இந்தப் பாஸ்பேட் ஏறிய நொதி, குறைந்த கால்சியத்திலும் வேகமாக இயங்கும். ஏகேடியே இதைச் செய்கிறது என்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் 1999-இல் நேச்சர் இதழில் ஒருசேர வெளியிட்டன. இதற்கு மாறாக, 495-ஆம் இடத்திலுள்ள த்ரியோனினில் பாஸ்பேட் இருந்தால் கால்மோடுலின் இணைவது தடைபடும். ஆகவே ஒரே நொதியில் ஓரிடத்துப் பாஸ்பேட் முடுக்கியாகவும் மற்றோரிடத்துப் பாஸ்பேட் தடையாகவும் நிற்கிறது. 1177-ஐ மட்டும் பார்த்துவிட்டு முடிவு கூறுவது பாதிக் கதையே.

செல்களைத் தேர்ந்து அமைதிப்படுத்துதல்

மனிதத் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுக்கப்படும் செல்கள், அதாவது ஹியூவெக் செல்கள், இச்சோதனைக்கு மிகவும் பொருத்தமானவை. சிரைக்குள் கொலாஜினேஸ் கரைசலைச் செலுத்தி உட்சுவர்ச் செல்களைப் பெயர்த்தெடுக்கும் முறை 1973-இல் நியூயார்க்கில் நிறுவப்பட்டது. இன்றும் அடிப்படை மாறவில்லை. மருத்துவமனையிலிருந்து கொடியைப் பெறுவதாயின், நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தாயின் எழுத்துமூல இசைவும் முன்கூட்டியே வேண்டும். கொடியின் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ், எச்ஐவி கிருமிகள் இருக்கக்கூடும் என்று கருதியே கையாள வேண்டும். தயார்நிலை செல்களை விலைக்கு வாங்குவோர், பல கொடையாளர்களின் செல்கள் கலந்த குப்பியா, ஒரே கொடையாளரின் குப்பியா என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இக்கேள்வி கணக்கிடும்போது மீண்டும் வரும்.

ஹியூவெக் செல்களை மறுபடி மறுபடி பிரித்து வளர்க்கும்போது ஈநாஸின் அளவு குறைந்துகொண்டே போகும். ஆகவே ஐந்தாம் வளர்ப்புச் சுற்றுக்குள் சோதனையை முடித்துக்கொள்வது நல்லது. ஈஏ.எச்ஒய்926 போன்ற நிலைத்த செல்வரிசைகள் கைக்கு எளியவை என்றாலும், அவை ஹியூவெக் செல்லும் நுரையீரல் புற்றுச் செல்லும் இணைக்கப்பட்டு உருவானவை. முறையைப் பழகுவதற்கு அவற்றைப் பயன்படுத்தலாம், முடிவை அவற்றின் மீது மட்டும் நிறுத்தலாகாது.

ஆறு குழித் தட்டுகளில் ஜெலட்டின் பூசி, எல்லாக் குழிகளிலும் ஒரே எண்ணிக்கையில் செல்களை விதைத்து, செல்கள் ஒன்றையொன்று தொட்டு நிறையும் வரை வளர்க்க வேண்டும். குழிக்குக் குழி அடர்த்தி வேறுபட்டால் ஏற்பியின் நடத்தையும் வேறுபடும். பிறகு எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது.

அடுத்து வருவது, பலர் பொறுமை இழக்கும் கட்டம். எண்டோதீலிய செல்களுக்கென விற்கப்படும் ஊடகங்களிலேயே விஇஜிஎஃப், எஃப்ஜிஎஃப், ஈஜிஎஃப், ஐஜிஎஃப் ஆகிய நான்கும் கலந்திருப்பது வழக்கம். அந்த ஊடகத்தில் இருக்கும் செல்லின் மீது மேலும் விஇஜிஎஃப் ஊற்றினால், ஏற்கெனவே விழித்திருக்கும் பாதை இன்னும் எவ்வளவு விழிக்கும்? ஆகையால் இக்காரணிகள் இல்லாத அடிப்படை ஊடகத்தில், சீரத்தை 0.5 அல்லது 1 சதவீதமாகக் குறைத்து, நான்கு முதல் ஆறு மணி நேரமோ, செல்கள் தாங்குமானால் ஓர் இரவோ வைக்க வேண்டும். சீரத்தை அறவே நீக்கி நீண்ட நேரம் வைத்தால் ஹியூவெக் செல்கள் மடியத் தொடங்கும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை இறந்த செல்களை மட்டும் நிறமேற்றும் டிரிப்பான் நீலச் சாயத்தால் ஒரு முறை முன்சோதித்து, அந்த நேரத்தையே எல்லாச் சோதனைகளுக்கும் நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணியைச் சேர்க்கும் விதம்

சோதனை கெடும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் சற்று விரிவாகக் கூறுகிறேன். எண்டோதீலிய செல்கள் இரத்த ஓட்டத்தின் உராய்வை உணர்ந்து வாழ்பவை. உராய்வு ஏகேடியையும் ஈநாஸையும் தானாகவே முடுக்கும். பழைய ஊடகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, விஇஜிஎஃப் கலந்த புதிய ஊடகத்தைப் பிப்பெட்டால் பீய்ச்சினால், அந்தப் பீய்ச்சலே 1177-இல் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். காரணியின் விளைவு என்று நாம் எழுதுவது நம் கையின் விளைவாக இருந்துவிடக்கூடும். இதைத் தவிர்க்க, ஊடகத்தை மாற்றாமல், அடர்ந்த விஇஜிஎஃப் கரைசலில் மிகச் சிறு அளவைக் குழியின் ஓரமாக விட்டு, தட்டை மெதுவாகச் சாய்த்துக் கலக்க வேண்டும். மில்லி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கொண்ட இருப்புக் கரைசலிலிருந்து 10 மைக்ரோ லிட்டரை 2 மில்லி லிட்டர் ஊடகத்தில் விட்டால், இறுதிச் செறிவு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 50 நானோகிராம் ஆகும். பெரும்பாலான ஹியூவெக் சோதனைகளுக்கு இச்செறிவு போதும். ஆயினும் 1, 10, 25, 50, 100 நானோகிராம் எனப் படிப்படியாக ஒரு முறை பார்த்து, உங்கள் செல்களின் விளைவு எங்கே நிரம்பி நிற்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

விஇஜிஎஃப் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே 0.1 சதவீதம் அல்புமின் கலந்த உப்புக் கரைசலில் கரைத்து, சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, மைனஸ் 80 பாகையில் வைத்து, ஒரு குப்பியை ஒரு முறை மட்டுமே உருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் குழிகளுக்கு அதே அல்புமின் கரைசலை, அதே அளவில், அதே கையால் விட வேண்டும். எதுவும் சேர்க்காத குழியைக் கட்டுப்பாடாக வைப்பது போதாது.

நேர வரிசைக்கு 0, 2, 5, 10, 30, 60 நிமிடங்கள் ஏற்றவை. ஏற்பியிலும் ஏகேடியிலும் பாஸ்பேட் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பின் தணியும். 60-ஆம் நிமிடத்தில் மட்டும் பார்த்தவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றலாம். நேரத்தைப் பின்னோக்கி நிர்வகிப்பது வசதியானது: 60 நிமிடக் குழிக்கு முதலில் விஇஜிஎஃப் விட்டு, அதிலிருந்து 30 நிமிடம் கழித்து 30 நிமிடக் குழிக்கு விட்டு, இப்படியே இறுதியாக 2 நிமிடக் குழிக்கும் விட்டபின் எல்லாக் குழிகளையும் ஒரே கணத்தில் பனிக்கட்டியின் மீது நிறுத்தலாம். இவ்வாறு செய்தால் எல்லாச் செல்களும் பட்டினியில் இருந்த மொத்த நேரமும் ஒன்றாகவே இருக்கும். அல்புமின் கரைசல் மட்டும் விட்ட குழியை 5 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் தனித்தனியே வைப்பது, கையசைவின் விளைவு எவ்வளவு என்பதைக் காட்டிவிடும்.

பாஸ்பேட் ஏற்றத்தைப் பார்த்தல்

குளிர்ந்த உப்புக் கரைசலால் ஒரு முறை கழுவி, செல் உடைக்கும் கரைசலை உடனே ஊற்ற வேண்டும். அக்கரைசலில் புரோட்டியேஸ் தடுப்பான்கள் மட்டும் இருந்தால் போதாது. சோடியம் ஃபுளோரைடு, பீட்டா கிளிசரோபாஸ்பேட், சோடியம் ஆர்த்தோவனடேட் ஆகியவையும் இருக்க வேண்டும். ஆர்த்தோவனடேட் டைரோசினில் ஏறிய பாஸ்பேட்டைக் காக்கும். மற்ற இரண்டும் செரின், த்ரியோனின் பாஸ்பேட்டுகளைக் காக்கும். இவை இல்லையென்றால் செல் உடைந்த சில நொடிகளில் பாஸ்பேட்டேஸ் நொதிகள் நாம் அளக்க வந்ததையே அழித்துவிடும்.

ஈநாஸின் ஓர் இழை ஏறத்தாழ 135 கிலோடால்டன் எடை கொண்டது. ஆகவே, புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்துச் சவ்வுத் தாளுக்கு மாற்றி ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் முறையில், 7.5 சதவீத ஜெல்லைப் பயன்படுத்தி, குளிரறையில் ஓர் இரவு முழுவதும் நிதானமாகச் சவ்வுக்கு மாற்றுவதே நம்பகமானது. ஆன்டிபாடி வேண்டாத இடங்களில் ஒட்டாதபடி சவ்வை மறைப்பதற்குப் பால்பொடியை விட 5 சதவீத அல்புமின் மேல். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பின்னணி கறுக்கக்கூடும். 1177 செரினுக்கும், 495 த்ரியோனினுக்கும், மொத்த ஈநாஸுக்கும், 473 செரினில் பாஸ்பேட் ஏறிய ஏகேடிக்கும் மொத்த ஏகேடிக்கும் எனத் தனித்தனி ஆன்டிபாடிகள் வேண்டும். மாட்டின் பெருந்தமனிச் செல்களைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகளில் 1179, 497 என்ற எண்களைக் கண்டால் திகைக்க வேண்டாம். அவை மாட்டுப் புரதத்தில் அதே இடங்களைக் குறிப்பவை.

பட்டையின் கருமையைக் கணக்கிடும்போது, பாஸ்பேட் ஏறிய ஈநாஸை மொத்த ஈநாஸால் வகுக்க வேண்டும். ஆக்டின் போன்ற பொதுப் புரதத்தால் மட்டும் வகுத்தால், அளவு கூடியதா, முடுக்கம் கூடியதா என்ற நம் அடிப்படைக் கேள்வியே மங்கிவிடும்.

செயல்பாட்டையே அளத்தல்

பாஸ்பேட் ஏற்றம், நொதி முடுக்கப்பட்டதற்கான அடையாளமே தவிர, அது ஈன்ற நைட்ரிக் ஆக்சைடு அன்று. பாஸ்பேட் ஏறியிருந்தும் ஆர்ஜினினோ, நொதிக்குத் துணைபுரியும் டெட்ராஹைட்ரோபயோப்டெரினோ போதாமல் போனால் நொதி நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகவே தரும்; பயோப்டெரின் குறையும்போது அதற்குப் பதிலாகச் சூப்பர் ஆக்சைடை உண்டாக்கவும் கூடும். எனவே விளைபொருளை நேரடியாக அளக்கும் ஒரு சோதனை கட்டாயம் உடன் வேண்டும்.

மிகவும் தெளிவான முறை, கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய ஆர்ஜினின் எவ்வளவு சிட்ரூலினாக மாறுகிறது என்பதை அளப்பது. செல்களை உடைக்காமல், உயிருள்ள நிலையிலேயே விஇஜிஎஃப்-ஓடு 15 நிமிடம் ஆர்ஜினினைக் கொடுத்து, பிறகு கதிரியக்கமற்ற ஆர்ஜினின் மிகுந்த குளிர்ந்த கரைசலால் நிறுத்தி, செல்லை உடைத்து, டௌவெக்ஸ் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே செலுத்த வேண்டும். நேர்மின் ஏற்றம் கொண்ட ஆர்ஜினின் பிசினில் தங்கிவிடும். சிட்ரூலின் கீழே வந்துவிடும். எல்-நேம் என்னும் தடுப்பானை முன்னதாக அரை மணி நேரம் கொடுத்து வைத்த குழிகளில் கிடைக்கும் எண்ணை மற்றவற்றிலிருந்து கழித்தால் எஞ்சுவது நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸின் பங்கு. கதிரியக்கப் பொருளுக்கு முறையான உரிமமும் தனியிடமும் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதே சோதனையைச் செல்லை உடைத்தபின், கால்சியம், கால்மோடுலின், என்ஏடிபிஎச், பயோப்டெரின் எல்லாவற்றையும் தாராளமாக ஊற்றிச் செய்யும் பழக்கமும் உண்டு. அந்தச் சூழலில் கால்சியம் எல்லாக் குழாய்களுக்கும் சமமாகிவிடுவதால், உயிருள்ள செல்லில் விஇஜிஎஃப் உண்டாக்கிய கால்சிய வேறுபாடு மறைந்துபோகும். மிஞ்சுவது பெரும்பாலும் நொதி எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கே. அளவை அறிய அது நல்ல முறைதான். முடுக்கத்தை அறிய வேண்டுமாயின், கால்சியத்தைக் குறைத்து வைத்த நிலையிலும் ஒரு முறை ஓட்டி, பாஸ்பேட் ஏறிய நொதி அங்கே எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

கதிரியக்க வசதி இல்லாதவர்கள் முதலில் நாடுவது கிரீஸ் வினைப்பொருள். நைட்ரிக் ஆக்சைடு சிதைந்து உண்டாகும் நைட்ரைட்டை இளஞ்சிவப்பு நிறமாக்கி 540 நானோமீட்டரில் அளக்கும் இம்முறை மலிவானது, எளிது. ஆனால் அது உணரும் கீழ் எல்லை ஏறத்தாழ 1 மைக்ரோமோலார். அழற்சியுற்ற மேக்ரோஃபேஜ் செல்களுக்கு அது போதும். ஹியூவெக் செல்கள் 15 நிமிடத்தில் ஈனும் நைட்ரைட் இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். இல்லாத நிறத்தைக் கருவியின் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க முனைவதை விட, வேதி ஒளிர்வு முறைக் கருவி உள்ள ஆய்வகத்துக்கு மாதிரிகளை அனுப்புவது நேர்மையானது. ஆர்பிஎம்ஐ ஊடகத்தில் கால்சியம் நைட்ரேட் ஒரு மூலப்பொருளாகவே இருப்பதால், நைட்ரேட்டையும் சேர்த்து அளக்க நினைப்போர் அந்த ஊடகத்தைத் தொடவே கூடாது.

டிஏஎஃப்-எஃப்எம் என்னும் ஒளிர் சாயம் நுண்ணோக்கியின் கீழ் அழகான படங்களைத் தரும். அந்த அழகே ஆபத்து. அச்சாயம் அஸ்கார்பிக் அமிலம் போன்றவற்றாலும் பாதிக்கப்படும், அஸ்கார்பிக் அமிலமோ பல எண்டோதீலிய ஊடகங்களில் கலந்திருக்கிறது. எல்-நேம் கொடுத்த குழியிலும் ஒளிர்வு அதே அளவு இருந்தால், அந்தப் படம் நைட்ரிக் ஆக்சைடைக் காட்டவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பாதையைத் தடுத்துப் பார்த்தல்

விளைவு இப்பாதை வழியாகத்தான் வந்தது என்பதை நிறுவ, ஏற்பியைத் தடுக்கும் எஸ்யு5416, பிஐ3கேயைத் தடுக்கும் எல்ஒய்294002 அல்லது வார்ட்மானின், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பாப்டா-ஏஎம் ஆகியவற்றைத் தனித்தனியே முன்கொடுத்துப் பார்க்கலாம். இவை டிஎம்எஸ்ஓவில் கரைக்கப்படுபவை; எல்லாக் குழிகளிலும் டிஎம்எஸ்ஓ சமமாகவும் 0.1 சதவீதத்தைத் தாண்டாமலும் இருக்கட்டும். வார்ட்மானின் நீரில் விரைவில் சிதையும். எல்ஒய்294002 வேறு சில கைனேஸ்களையும் தொடும். ஆகவே ஒரே தடுப்பானை நம்பாமல், அமைப்பில் வேறுபட்ட இரண்டு தடுப்பான்கள் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மெதுவான மாற்றம்: தனிச் சோதனை

நொதியின் அளவு கூடுகிறதா என்பதை அறிய 6, 12, 24, 48 மணி நேர வரிசையைப் புதிய தட்டுகளில் தொடங்க வேண்டும். விஇஜிஎஃப் ஈநாஸின் தூது ஆர்என்ஏவையும் புரதத்தையும் உயர்த்துவது அறியப்பட்ட ஒன்று. டிஜிஎஃப்-பீட்டா என்னும் மற்றொரு வளர்ச்சிக் காரணியும் அவ்வாறே செய்யும். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. குறைந்த சீரத்தில் ஒரு நாள் கிடக்கும் கட்டுப்பாட்டுச் செல்கள் மெல்ல மடிகின்றன. விஇஜிஎஃப் பெற்ற செல்கள் உயிர் பிழைக்கின்றன, பெருகவும் செய்கின்றன. குழிக்கு இவ்வளவு நொதி என்று கணக்கிட்டால், செல்களின் எண்ணிக்கை கூடியதையே நொதி கூடியதாகப் படித்துவிடுவோம். எனவே செல் எண்ணிக்கைக்கோ, டிஎன்ஏ அளவுக்கோ வகுத்துக் கூற வேண்டும். படியெடுத்தலைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி கொடுத்தபின் உயர்வு நின்றுபோனால், அது மரபணு மட்டத்தில் நடந்தது எனலாம். வேகமான மாற்றமோ இத்தடுப்பானைப் பொருட்படுத்தாது.

வேறு நொதிகளுக்கு இம்முறையை மாற்றிக்கொள்ள விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெலட்டினைச் சிதைக்கும் எம்எம்பி-2, எம்எம்பி-9 நொதிகளை அளக்க ஜெலட்டின் சைமோகிராம், அதாவது ஜெலட்டின் கலந்த ஜெல்லில் நொதி சிதைத்த இடத்தை வெண்பட்டையாகக் காட்டும் முறை, பெருவழக்கில் உள்ளது. அதில் பயன்படும் எஸ்டிஎஸ் என்னும் சோப்பு போன்ற வேதிப்பொருள், நொதியை அதன் இயற்கைத் தடுப்பானான டிம்ப் புரதத்திலிருந்து பிரித்துவிடுகிறது. இன்னும் முதிராத முன்னொதியையும் விரித்து வேலை செய்ய வைக்கிறது. 72 கிலோடால்டனில் தெரியும் வெண்பட்டை, செல்லில் முடங்கிக் கிடந்த எம்எம்பி-2-ஐயே காட்டுகிறது. ஒரு வளர்ச்சிக் காரணி நொதியைத் தொடாமல் அதன் தடுப்பானை மட்டும் கூட்டியிருந்தால், சைமோகிராம் அதைக் காட்டவே காட்டாது. டிஜிஎஃப்-பீட்டா எண்டோதீலிய செல்களில் பிஏஐ-1 என்னும் தடுப்பானைப் பெருக்கிப் பிளாஸ்மினோஜன் முடுக்கியை அடக்குவது இத்தகைய நிகழ்வே. அங்கே பிளாஸ்மின் உண்டாவதை நிறமாற்றச் சேர்மத்தால் நேரடியாக அளப்பதே சரி.

எண்ணிக்கையும் கணக்கும்

ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று சோதனைகள் ஆகமாட்டா. அவை பிப்பெட்டின் ஒழுங்கைக் காட்டுமே தவிர, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைக் காட்டா. தனித்தனிக் கொடையாளர்களின் கொடிகளே எண்ணிக்கை. மூன்று என்பது மிகக் குறைந்த எல்லை, ஐந்து அல்லது ஆறு இருந்தால் மனம் சமாதானம் அடையும். கொடைக்குக் கொடை ஈநாஸின் அடிப்படை அளவு பெரிதும் மாறுபடுவதால், ஒவ்வொரு கொடையாளரின் விஇஜிஎஃப் குழியையும் அதே கொடையாளரின் கட்டுப்பாட்டுக் குழியோடு இணைத்து ஒப்பிடும் இணைச் சோதனையே பொருத்தமானது. பல கொடைகள் கலந்த ஒரே குப்பியிலிருந்து எத்தனை தட்டுகள் வளர்த்தாலும் புள்ளியியல் கண்ணுக்கு அது ஒரே ஒரு கொடையாக மட்டுமே எண்ணப்படும். அத்தகைய குப்பியைப் பயன்படுத்தியிருந்தால் கட்டுரையின் முறைகள் பகுதியில் அதை வெளிப்படையாக எழுதி, வெவ்வேறு தொகுதி எண் கொண்ட குப்பிகளில் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.